விமானம் ஓட்ட இரண்டு கையும் வேணும்!

குட்டீஸ்... கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் கேம்ஸ் ஆடியிருக்கிறீர்களா? கீ-போர்டில் அம்புக்குறி பட்டனை அமுக்கினால், விமானம், 'விசுக்'கென்று ஒரு பக்கம் சாயும். அதைச் சரி செய்ய எதிர்ப்பக்க பட்டனை அமுக்கினால், அந்தப் பக்கம் கவிழும். ரன்வே எங்கேயோ இருக்க, நம் விமானம் வயலில் போய் மூக்கைக் குத்திக் கொண்டு நிற்கும்!

உடனே, 'நமக்கு இதெல்லாம் வராது' என்று முடிவு கட்டி விடாதீர்கள். தப்பு உங்கள் மேல் இல்லை. பட்டனுக்குத் தெரிந்தது இரண்டே விஷயம்தான்... அமுக்கியாச்சு, விட்டாச்சு! 'கொஞ்சமாகச் சாய்... இன்னும் ஒரு துளி சாய்' என்று அதனிடம் சொல்ல முடியாது. அப்படிச் சொல்வதற்காக வந்தவைதான் ஜாய்ஸ்டிக்கும், த்ராட்டிலும்.

கடைக்குப் போனால் இவை விதவிதமாக இருக்கும். நான்கைந்து பட்டன் உள்ளதும் உண்டு; போர் விமானத்தில் இருந்து கழற்றி வந்தது போல் மிரட்டுவதும் உண்டு. விலையும் ஏணி போல் ஏறிக் கொண்டே போகும். எதை வாங்குவது? அதற்கு முன் ஒரு நிஜக் கதை!

பொம்மைன்னு நினைச்சாங்க!

அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஊர் பிங்காம்டன். அங்கே எட்வின் லிங்க் என்ற இளைஞர் இருந்தார். அவருடைய அப்பா பியானோ, ஆர்கன் என்ற இசைக் கருவிகள் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். எட்வினுக்கோ பறப்பதில் பைத்தியம். ஆனால், விமானத்தில் ஏறி ஓட்டப் பழகுவதற்குச் செலவு மிக அதிகம்.

'தரையில் இருந்தபடியே பழக முடியாதா?' என்று யோசித்தார். ஆர்கனுக்குள் காற்றைத் தள்ளும் துருத்திகள் இருக்கும். நம் ஆர்மோனியப் பெட்டியில் பின்பக்கம் விரிந்து சுருங்குமே, அது மாதிரி. அந்தத் துருத்திகளை எடுத்து, ஒரு குட்டி விமானப் பெட்டியின் அடியில் பொருத்தினார். உள்ளே உட்கார்ந்து கைப்பிடியை அசைத்தால், பெட்டி முன்னும் பின்னும் சாய்ந்தது; பக்கவாட்டில் திரும்பியது. நிஜ விமானம் போலவே!

ஆண்டு 1929. விமானம் ஓட்டக் கற்றுத் தரும் பள்ளிகள் இதைப் பெரிதாக எடுத்துக் கொள்ளவில்லை. வாங்கியவர்களில் முக்கியமானவர்கள் யார் தெரியுமா? பொழுதுபோக்குப் பூங்காக்காரர்கள்! காசு போட்டு ஆடும் விளையாட்டாக அதை வைத்தனர்.

1934ல் நிலைமை மாறியது. அமெரிக்க ராணுவத்தின் விமானப் பிரிவிடம், தபால்களைச் சுமந்து செல்லும் வேலை கொடுக்கப்பட்டது. குளிர்காலம்... பனிமூட்டம்... ராத்திரிப் பயணம்! வெளியே எதுவும் தெரியாத நிலையில், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்ட அந்த விமானிகளுக்குப் போதிய பயிற்சி இல்லை. சில வாரங்களுக்குள் 10க்கும் மேற்பட்டவர்கள் இறந்து போயினர்.

ராணுவ அதிகாரிகளுக்கு லிங்க்கின் பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. நியூவார்க் என்ற ஊருக்கு வரும்படி அவரை அழைத்தனர். அன்றைக்கு மோசமான மூடுபனி. 'இதில் யாரும் பறந்து வர முடியாது' என்று அதிகாரிகள் நினைத்துக் கொண்டிருந்தபோது, பனிக்குள் இருந்து ஒரு விமானம் வந்து பத்திரமாக இறங்கியது. ஓட்டி வந்தவர் எட்வின் லிங்க்!

அப்புறமென்ன... அந்த ஆண்டே 6 பெட்டிகளை, ஒன்று 3,500 டாலர் விலையில் ராணுவம் வாங்கியது. நீல நிறம் பூசியிருந்ததால், 'நீலப் பெட்டி' என்றே பெயர் வந்து விட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இதில் உட்கார்ந்து பழகினர்.

விளையாட்டுப் பொருள் எப்படி உயிர் காக்கும் பொருளாக மாறியது? பார்க்க அழகாக இருந்ததாலா? இல்லை... கைகளுக்குச் சரியான பழக்கத்தைக் கற்றுக் கொடுத்ததால்! ஜாய்ஸ்டிக் வாங்கும்போதும் நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: 'இது என் கைகளுக்கு என்ன கற்றுக் கொடுக்கும்?'

ஒரு கைக்கு ஜாய்ஸ்டிக்!

ஜாய்ஸ்டிக் என்ற பெயர், கேம்ஸ் ஆடுபவர்கள் வைத்தது அல்ல. சுமார் 1910ல் விமானிகளே பேச்சு வழக்கில் சொன்ன பெயர். பின்னால்தான் அது கம்ப்யூட்டருக்கு வந்தது.

கைப்பிடியை இடது, வலது பக்கம் சாய்த்தால், இறக்கைகள் அந்தந்தப் பக்கம் சாயும். முன்னால் தள்ளினால் மூக்கு இறங்கும். பின்னால் இழுத்தால் மூக்கு தூக்கும். கையை விட்டு விட்டால், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதை நடுவுக்குக் கொண்டு வந்து விடும்.

இன்னொரு கைக்கு த்ராட்டில்!

த்ராட்டில் என்பது என்ஜினின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல். பைக்கில் வலது கையால் முறுக்குவார்களே, அந்த வேலைதான். ஆனால், ஒரு வித்தியாசம் உண்டு. பைக்கில் கையை எடுத்தால், அது பழைய இடத்துக்கே திரும்பி விடும். விமானத்தில், எங்கே வைத்தோமோ அங்கேயே நிற்கும்.

இது ஏன் முக்கியம்? இறங்கும்போது பார்க்கலாம், வாருங்கள்.

செஸ்னா 172 என்ற நான்கு பேர் உட்காரும் குட்டி விமானத்தை ஓட்டுகிறீர்கள். மணிக்கு 120 கி.மீ., வேகத்தில் ரன்வேயை நெருங்குகிறீர்கள். ஐயோ... ரொம்பத் தாழ்வாக வந்து விட்டோமே! இப்போது என்ன செய்வீர்கள்?

'கைப்பிடியை இழுத்து, மூக்கைத் தூக்குவேன்' என்கிறீர்களா? புதிதாகப் பழகும் பலரும் அப்படித்தான் செய்வார்கள். அதுதான் ஆபத்து! மூக்கு தூக்கும், வேகம் குறையும். இன்னும் இழுத்தால், இறக்கை மேல் ஒழுங்காக வழுக்கி ஓடிய காற்று, கலைந்து போய் விடும். விமானத்தைத் தூக்கிப் பிடித்திருந்த சக்தி சட்டென்று குறையும். அவ்வளவுதான்... 'தொப்'பென்று விழ வேண்டியதுதான்!

இதை, 'ஸ்டால்' என்பார்கள். என்ஜின் நின்று போவது என்று நினைத்து விடாதீர்கள். என்ஜின் நன்றாகவே ஓடிக் கொண்டிருக்கும். இறக்கைதான் வேலை செய்வதை நிறுத்தி விடும்!

சரியான வழி... இன்னொரு கையால் த்ராட்டிலைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். கூடவே, மூக்கு எந்தப் பக்கமும் ஓடாமல் ஜாய்ஸ்டிக்கால் பிடித்துக் கொள்ள வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு கைக்கும் வேலை! ஒரு கையால் எல்லாவற்றையும் செய்யப் பார்த்தால், இந்தப் பழக்கம் வரவே வராது.

அதனால்தான் சொல்கிறோம்... பட்டன் எத்தனை என்று எண்ணாதீர்கள். இரண்டு கைக்கும் தனித்தனி வேலை இருக்கிறதா என்று பாருங்கள்!

காலுக்கும் வேலை உண்டு!

விமானத்தின் வாலில் நின்று கொண்டிருக்கும் பலகைக்கு ரடர் என்று பெயர். மூக்கை இடது, வலது பக்கம் திருப்புவது இதன் வேலை. நிஜ விமானத்தில் கால் பெடலால் இதை இயக்குவார்கள். செஸ்னா போன்ற விமானங்கள், ரன்வேயில் முழு சக்தியுடன் ஓடும்போது இடது பக்கமாக இழுக்கும். வலது பெடலை மிதித்து, நேராக வைக்க வேண்டும்.

வீட்டில் பெடல் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். நிறைய ஜாய்ஸ்டிக்குகளில், கைப்பிடியை ஜாடி மூடி போல் திருகினால் அதுவே ரடராக வேலை செய்யும்.

எந்த விமானம் உங்கள் விமானம்?

உங்களுக்குப் பிடித்த விமானம் எது என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

* செஸ்னாவில் கார் ஸ்டியரிங் மாதிரி, 'யோக்' என்ற சக்கரம் இருக்கும். அதே போன்ற யோக்குகள் கம்ப்யூட்டருக்கும் கிடைக்கின்றன. விலை அதிகம், மேஜையில் இடமும் அடைக்கும்.

* ஏர்பஸ் ஏ320ல், ஒரு குட்டி ஜாய்ஸ்டிக் பக்கவாட்டில் இருக்கும். கேப்டன் இடது பக்க இருக்கையில் அமர்வதால், இடது கையால் பிடிப்பார். வலது கை த்ராட்டிலில் இருக்கும்.

* போர் விமானங்களில், பெரும்பாலும் வலது கையில் ஜாய்ஸ்டிக், இடது கையில் த்ராட்டில். எந்தக் கையையும் எடுக்காமலேயே எல்லா வேலையும் செய்ய, இரண்டிலும் பட்டன்களை வைத்திருப்பார்கள். இதற்கு, 'ஹோட்டாஸ்' என்று பெயர். கடையில் இந்தப் பெயரைப் பார்த்தால், ஜாய்ஸ்டிக்கும் த்ராட்டிலும் சேர்ந்த செட் என்று அர்த்தம்.

எல்லா விமானமும் ஓட்டிப் பார்க்க ஆசையா? சாதாரண ஜாய்ஸ்டிக்கே போதும். அதை வைத்து செஸ்னாவும் ஓட்டலாம். போர் விமானமும் ஓட்டலாம்!

மூன்று படிகள்!

முதல் படி: அடியில் குட்டி த்ராட்டில் வைத்த, திருகும் வசதி உள்ள ஒரே ஜாய்ஸ்டிக். 'லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோ' இந்த வகைதான். ஒரு கை மேலே, ஒரு கை அடியில்... இரண்டு கைக்கும் வேலை வந்து விட்டது பாருங்கள்! புதிதாகப் பழகுபவர்களுக்கு இது தாராளம்.

இரண்டாம் படி: த்ராட்டில் தனியாக உள்ள ஹோட்டாஸ் செட். நீண்ட நேரம் ஓட்டினால் கை வலிக்காது. த்ராட்டிலை நுணுக்கமாக நகர்த்தலாம்.

மூன்றாம் படி: தனியாகக் கால் பெடல். முதல் இரண்டில் நன்றாகத் தேறிய பிறகு யோசித்தால் போதும்.

நேராக மூன்றாம் படிக்குத் தாவ வேண்டாம். ஒரு மாதம் ஆடிவிட்டு அலமாரியில் போட்டால், அப்பா, அம்மா கொடுத்த காசுக்கு என்ன மரியாதை?

உள்ளே என்ன இருக்கு?

பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டும் குமிழைத் திருகினால், சில சமயம், 'கர... கர...' என்று கேட்கும், இல்லையா? உள்ளே ஒரு பட்டையின் மேல் இன்னொன்று உரசிக் கொண்டே இருப்பதால், அது தேய்ந்து போயிருக்கும். விலை குறைந்த பல ஜாய்ஸ்டிக்குகளிலும் இதே அமைப்புதான். நாளானால், நாம் அசைக்காமலேயே விமானம் துள்ளும்.

இன்னொரு வகையில், காந்தமும் அதை உணரும் சில்லும் இருக்கும். இரண்டும் ஒன்றை ஒன்று தொடாது, அதனால் தேயாது. 1879ல் எட்வின் ஹால் என்ற அமெரிக்க விஞ்ஞானி கண்டுபிடித்த தத்துவம் இது. அவர் பெயரால், 'ஹால் எஃபெக்ட்' என்று அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும். 'த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம்' இப்படிப்பட்டது. இதை இடது கைக்கும் மாற்றிக் கொள்ளலாம் என்பதால், இடது கைப் பழக்கம் உள்ள குட்டீஸ்களுக்குக் கொண்டாட்டம்!

கடையில் பார்க்க வேண்டியவை!

1. கைப்பிடியை ஒரு பக்கம் சாய்த்து, மெல்ல விடுங்கள். சரியாக நடுவில் வந்து நிற்கிறதா?

2. நடுவில் இருக்கும்போது லேசாக ஆட்டுங்கள். லொட, லொடவென்று ஆடினால் வேண்டாம்.

3. த்ராட்டிலைப் பாதியில் வைத்து, கையை எடுங்கள். அங்கேயே நிற்க வேண்டும்.

4. அடிப்பாகம் கனமாக இருக்கிறதா? லேசாக இருந்தால், இழுக்கும்போது மேஜையை விட்டுக் கிளம்பி விடும்.

5. உங்கள் விரல்களுக்குப் பட்டன்கள் எட்டுகின்றனவா? பெரியவர்கள் கைக்குச் செய்தது உங்களுக்குச் சரிப்படாமல் போகலாம்.

6. கம்ப்யூட்டருக்கா, பிளே ஸ்டேஷனுக்கா, எக்ஸ் பாக்ஸுக்கா என்று பெட்டியில் பாருங்கள். ஒன்றுக்குச் செய்தது, இன்னொன்றில் வேலை செய்யாமல் போகலாம்.

யாராவது பழைய ஜாய்ஸ்டிக் தருகிறேன் என்றால், ஒயரின் நுனியைப் பாருங்கள். 15 ஊசிகள் உள்ள அகலமான பிளக் என்றால், இன்றைய கம்ப்யூட்டரில் அதைச் செருக இடமே இருக்காது. யூ.எஸ்.பி., என்றால் ஓ.கே.!

வீட்டுக்கு வந்ததும்...

முதல் வேலை, நடு எது, ஓரம் எது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுப்பது. இதற்கு, 'கேலிப்ரேஷன்' என்று பெயர். கைப்பிடியை எல்லாப் பக்கமும் முழுசாகச் சுழற்றிக் காட்டினால், அது கற்றுக் கொள்ளும். லேசாகத் தொட்டாலே விமானம் ஆடினால், கேமின் செட்டிங்கில், 'சென்சிடிவிட்டி'யைக் குறையுங்கள். பல பேர், 'ஜாய்ஸ்டிக் கெட்டுப் போச்சு' என்று ஒதுக்கி வைப்பது, இதைச் செய்யாததால்தான்!

விலை கொடுத்து கேம் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. 'ஃப்ளைட்கியர்' என்ற விமானக் கேம் இலவசமாகவே கிடைக்கிறது. வீட்டில் பெரியவர்களைக் கூட வைத்துக் கொண்டு இறக்கிக் கொள்ளுங்கள்.

எடுத்த எடுப்பில் குட்டிக்கரணம் போடாதீர்கள். உயரம் மாறாமல், 5 நிமிடம் நேராக ஓட்டிப் பாருங்கள். பார்க்க ரொம்ப சுலபம்; ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்! அது வந்ததும், மெல்லத் திரும்பப் பழகுங்கள். கடைசியாக இறங்குங்கள். தாழ்வாக வந்து விட்டால், எந்தக் கை முதலில் அசைய வேண்டும் என்று ஞாபகம் இருக்கிறதல்லவா?

ஆர்கன் துருத்தியில் செய்த நீலப் பெட்டி, லட்சக்கணக்கானவர்களின் கைகளைப் பழக்கி விட்டது. உங்கள் மேஜையில் இருக்கும் குட்டி ஜாய்ஸ்டிக்கும் அதைத்தான் செய்யப் போகிறது.

என்ன குட்டீஸ்... வீட்டுப் பாடம் முடிச்சாச்சா? அப்போ, பெல்ட்டை மாட்டுங்க... கிளம்பலாம்!