சிற்றின நாய்க் குருளைகளும் இரத்தச் சர்க்கரைக் குறைவும்

உள்ளங்கையில் அடங்கும் நாய்க் குருளையைக் கண்டு முகமலராதார் அரியர். மெக்ஸிகோ நாட்டில் தோன்றிய சிவாவா, இங்கிலாந்தின் வடபகுதியினதாகிய யார்க்ஷயர் டெரியர், பால்டிக் கடலோரத்து நிலமொன்றால் பெயர்பெற்ற பொமரேனியன், வெண்பட்டனைய மயிரினையுடைய மால்டீஸ் முதலியன முழு வளர்ச்சி எய்திய பின்னரும் ஏறக்குறைய 3 கிலோ எடையளவிலேயே நிற்பன. (நம் தெருக்களில் பொமரேனியன் என்று அழைக்கப்படுவனவற்றுட் பல, உண்மையில் சற்றுப் பெரிய ஸ்பிட்ஸ் வகையினவாம்.) இவ்வினங்களை மேனாட்டார் விளையாட்டுப் பொம்மை என்னும் பொருள்படும் சொல்லால் வழங்குவர். யாம் அப்பெயரை விரும்பவில்லை. பொம்மைக்குப் பசியில்லை; இவற்றுக்கோ பசியே உயிர்ப்பகை. ஆதலின் ஈண்டுச் சிற்றினம் என்றே கூறுவோம். குருளை என்றது, நாய், பன்றி, புலி, முயல் என்னும் நான்கின் இளமைக்கும் தொல்காப்பியனார் மரபியலில் அப்பெயரை உரியதாக்கினமையின். புலியின் மகவோடு ஒரு பெயர் பூண்ட இவ்வுயிர் ஒருவேளை உணவு தவறினும் மாளத்தக்க மென்மையுடையது என்பதை யாம் முதலில் அறிந்தது நூல்வாயிலாக அன்று.

சென்ற கோடை விடுமுறையில் எம் தந்தையார் தங்கைக்கென ஒரு சிவாவாக் குருளையைச் சென்னையினின்றும் இரவு இரயிலில் கொண்டுவந்தார். விற்றவர் இரண்டு மாதம் நிரம்பியது என்றாராம். எடையோ அரைக் கிலோவும் இராது. வழியில் அஃது ஒன்றும் உண்ணவில்லை. காலையில் வைத்த உணவை முகர்ந்துவிட்டுச் சுருண்டு படுத்தது. “பயணக் களைப்பு, உறங்கட்டும்,” என்று யாமே கூறித் தங்கையை அப்பால் அனுப்பினோம். நண்பகலில் எழுந்து கள்ளுண்டான் போலத் தள்ளாடிற்று. தலை ஒருபுறம் சாய்ந்தது. “அண்ணா, கூப்பிட்டால் பார்க்கமாட்டேன் என்கிறதே!” என்று அவள் அழைத்த பின்னரே யாம் அருகிற் சென்றோம். சிறிது நேரத்தில் கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. காக்கை வலிப்பென்று எண்ணி எம் பாட்டியார் இரும்புச் சாவியைக் கொணர்ந்து அதன் காலடியில் வைத்தார். யாம் அதனினும் பெரிய பிழை செய்தோம். பாலைக் கரண்டியில் எடுத்து அதன் வாயில் ஊற்றினோம். அது விழுங்கவில்லை. மூச்சுக் குழலிற் சென்றது போலும். ஆட்டோவில் மருத்துவரிடம் சேர்வதற்குள் எம் மடியிலேயே அடங்கிவிட்டது. மருத்துவர் எம்மைக் கடியவில்லை. காலையில் ஈறில் தடவிய சிறிது தேனும், வயிறு நிறைந்த உணவும் இதனைக் காத்திருக்கக்கூடும் என்று மட்டும் சொன்னார். இக்கட்டுரை அச்சொல்லினின்று பிறந்தது.

அது நிகழ்ந்தது யாங்ஙனமெனின், உணவினின்று பிறக்கும் குளுகோஸ் என்னும் சர்க்கரை இரத்தத்தின் வழியே உடலெங்கும் செல்கின்றது. மூளை தனக்கு வேண்டிய எரிபொருளைத் தன்னிடத்தே சேமித்து வைப்பதில்லை என்றே கூறலாம். கணந்தோறும் இரத்தம் கொணர்வதை நம்பி வாழ்வது. உணவில்லாத பொழுதில் ஈரல், தான் சேமித்துள்ள கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கி இரத்தத்திற்கு ஈயும். இப்பொருளை 1857-ஆம் ஆண்டில் ஈரலினின்று பிரித்துக் காட்டியவர் கிளாட் பெர்னார் என்னும் பிரெஞ்சு அறிஞர். அச்சேமிப்புத் தீருமாயின் தசையும் கொழுப்பும் கைகொடுக்கும். வளர்ந்த நாய்க்கு இக்களஞ்சியங்கள் பெரியன; ஒரு நாள் பட்டினி அதனை வருத்துமேயன்றிக் கொல்லாது. சிற்றினக் குருளைக்கோ ஈரல் சிறிது, தசை மெலிது, கொழுப்போ இல்லையென்னலாம். மூளை மட்டும் உடலளவை நோக்கப் பெரிது. மேலும், சிற்றுடல் தன் எடைக்கு ஒவ்வாத பரப்புடையதாதலின் வெப்பத்தை விரைவில் இழக்கின்றது. இழந்த வெப்பத்தை ஈட்டவும் சர்க்கரையே செலவாகின்றது. வரவு குறைந்து செலவு மிக்க குடும்பம் எத்துணை நாள் நிற்கும்? ஈண்டு நாள் என்பதும் மிகை. சில மணி நேரமே.

நாயின் இரத்தத்தில், 100 மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 80 முதல் 120 மில்லிகிராம் வரை சர்க்கரை இருத்தல் இயல்பு. 60-க்குக் கீழ் இறங்கின் குறைவென்பர். இந்நாளில் பல இல்லங்களில் நீரிழிவுடைய பெரியோர்க்கென அளவைக் கருவி இருத்தல் காண்கின்றோம். அக்கருவி மனிதர் இரத்தத்திற்கென அமைந்தது. நாயினிடத்து உண்மையளவினும் குறைத்துக் காட்டுவதுண்டு. ஆதலின் கருவியைத் தேடி நேரம் போக்காது குருளையின் முகத்தை நோக்குதலே தக்கது.

ஈண்டு ஒன்று கூறாது செல்ல மனம் ஒவ்வவில்லை. இரத்தச் சர்க்கரையைப் பற்றி மனிதன் பெற்ற அறிவிற் பெரும்பகுதி நாயினிடத்துக் கற்றதேயாம். கணையத்தை நீக்கிய நாய்க்கு நீரிழிவு தோன்றுதலை 1889-இல் மிங்கோவ்ஸ்கி, மெரிங் என்னும் இருவர் கண்டனர். 1921-இல் டொரான்டோ நகரில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்ஸுலினைக் கண்டறிந்ததும் நாய்களைக் கொண்டே. அக்கடனை எண்ணுங்கால், நம் வீட்டுக் குருளையின் ஒருவேளை உணவை மறத்தல் சிறு பிழையாகத் தோன்றவில்லை.

அறிகுறிகளுள் முதலது மிக மெல்லியது. விளையாடிக்கொண்டிருந்த குருளை விளையாட்டை விட்டு ஒதுங்கும், உணவை நோக்காது, அளவுக்கு மிஞ்சி உறங்கும். எம்மைப்போல் இதனைக் களைப்பென்று எண்ணுவாரே பலர். எழுப்பினால் உடனே எழுந்து வாலாட்டுவது உறக்கம். எழுப்பியும் கண்விழித்து நம்மை நோக்காதது நோய். அடுத்து நடுக்கம், தள்ளாட்டம், தலை தொங்குதல், வாயில் நீரொழுகல், கண்ணில் கண்ணாடிப் பார்வை ஆகியன தோன்றும். ஈறுகள் வெளுக்கும், காதும் பாதமும் குளிரும். இறுதியில் வலிப்பும் மயக்கமும். முதலறிகுறிக்கும் இறுதிக்கும் இடையே ஒருமணி நேரமும் இல்லாமற் போதல் உண்டு.

அறிகுறி கண்டவுடன், தேனையோ நீரிற் குழைத்த குளுகோஸையோ விரல்நுனியிற் தோய்த்து ஈறுகளிலும் உதட்டின் உட்புறத்திலும் தடவுக. உணர்வு குன்றிய குருளையின் வாயில் நீர்ப்பொருள் எதனையும் ஊற்றற்க. அது நுரையீரலிற் புகும். வலிப்பின்போது பற்களுக்கிடையே விரலை நுழைத்தலும் ஆகாது. ஒருபுறம் தடவுங்கால் மற்றொருவர் அதனைக் கம்பளியிற் சுற்றி, துணிபோர்த்த வெந்நீர்ப்புட்டியை அணைத்து வைக்கலாம். சூடு தோலைச் சுடாதிருத்தல் வேண்டும். ஐந்து முதல் பத்து நிமிடங்களில் தெளிவு பிறந்தால், விழுங்க வல்லதாயின், சிறிது உணவு ஊட்டுக. தேன் தந்த வலிமை நெடுநேரம் நில்லாது. தெளிந்தாலும் தெளியாவிடினும் கால்நடை மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். தெளியாததாயின், தடவிக்கொண்டே புறப்படுக. அவர் நாளத்தின் வழியே குளுகோஸ் கரைசலைச் செலுத்தி, இக்குறைவின் மூலத்தையும் ஆராய்வர்.

மூலம் பெரும்பாலும் பட்டினி, குளிர், பயணம், புதிய இடத்தின் அச்சம், வயிற்றுப்போக்கு, குடற்புழு என்னும் இவற்றுள் ஒன்றாகவோ பலவாகவோ இருக்கும். எம் குருளைக்கு இவற்றுள் நான்கேனும் ஒருங்கே வாய்த்தன. எட்டு வாரம் நிரம்பாத குருளையை விற்றலாகாது என்று நம் நாட்டில் 2017-இல் விதி செய்யப்பட்டிருந்தும், வாங்குவோர் வினவுவதில்லை, யாமும் வினவவில்லை. மூன்று நான்கு மாதம் ஆகும்வரை நாளொன்றுக்கு நான்கு முதல் ஆறு முறை சிறிது சிறிதாக ஊட்டுதல் வேண்டும். பாலுஞ்சோறும் போதும் என்பது நம் இல்லங்களிற் பரவிய கருத்து. குருளைக்கு வேண்டிய புரதமும் கொழுப்பும் அதனிடத்துப் போதியன அல்ல. பசும்பால் பல குருளைகளுக்கு வயிற்றுப்போக்கையும் தரும். நாள்தோறும் சர்க்கரை ஊட்டுதலும் தவறே. மிகுந்த சர்க்கரை இன்ஸுலினைத் தூண்டிப் பின்னர்த் தாழ்வையே விளைக்கும். சர்க்கரையில்லா இனிப்புகளிற் சேரும் ஸைலிட்டால் என்னும் பொருளோ நாய்க்கு நஞ்சு. சிறிதளவே உண்டாலும் இரத்தச் சர்க்கரையை வீழ்த்தும். நான்கு மாதம் கடந்தும் இக்குறைவு திரும்பத் திரும்ப வருமாயின், குடலினின்று வரும் இரத்தம் ஈரலை விட்டு விலகியோடும் பிறவிக்குறை முதலியன உளவோ என்று ஆராய்விக்க வேண்டும். யார்க்ஷயர் டெரியரிடத்து அது மிகுதி.

ஐப்பசியில் எம் இல்லத்திற்கு மற்றொரு குருளை வந்தது. பத்து வாரம் நிரம்பியதை உறுதிசெய்து, அது முன்பு உண்ட உணவையே கேட்டுப் பெற்று, பகற்பொழுதில் கொண்டுவந்தோம். அடுக்களைத் தராசில் நாள்தோறும் அதனை நிறுத்துக் குறிப்பேட்டில் எழுதுவது தங்கையின் வேலை. இரவு பதினொரு மணிக்கும் விடியல் நான்கு மணிக்கும் அன்னையார் எழுந்து ஊட்டினார். தேன்புட்டி இன்னும் வாயிற்படியருகே மாடத்தில் இருக்கின்றது. இதுவரை இருமுறை திறந்தோம்.