ஏறுன கியர்லயே இறங்கு

கொடைரோடு ரயில் நிலைய வாசலில், விடிகாலைப் பாண்டியன் எக்ஸ்பிரஸுக்காகக் காத்துக் கிடக்கும் டாக்சி டிரைவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். "எந்த மாதிரி ஓட்டுறவனைப் பார்த்தா உங்களுக்குக் கடுப்பாகும்ணே?" அதோடு வண்டி வரும்வரை பேச்சு ஓயாது. எதிரில் வருகிறவன் டிம் அடிப்பதில்லை. நேராகப் போவதற்கு நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு வருகிறான். பக்கத்துச் சாலையில் நிற்பவனுக்கு ஒரு பக்க விளக்கு மட்டும் தெரிவதால் திரும்பப் போகிறான் என்று நினைத்து வண்டியை எடுத்துவிடுகிறான். டோல்கேட்டில் பாஸ்டாக்கில் காசில்லாமல் வந்து நின்று, பின்னால் இருபது வண்டியை ஹாரன் அடிக்க வைக்கிறான். வெள்ளைக்கோடு அடிக்காத வேகத்தடை. 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேண்டும் என்பதே தெரியாமல் கிளம்பி வந்து, பாதி வழியில் போனைத் தட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்கள்.

டிம் அடிக்காதவர்களைத் திட்டும்போது ஒரு நியாயமும் பார்க்க வேண்டியிருக்கிறது. சிலர் டிம்மில்தான் வருகிறார்கள், ஆனாலும் கண் கூசுகிறது. ஹெட்லைட்டில் பரவலாக இருக்கும் ஹாலஜன் பல்பை வெளியே எடுத்துப் பார்த்தால் உள்ளே இரண்டு இழைகள் தெரியும். அதில் டிம் இழைக்கு அடியில் சின்னதாக ஒரு தகரக் குழி இருக்கும். கீழே போகிற வெளிச்சத்தை அது மறைத்துவிடுகிறது. மேலே போவது மட்டும் ரிஃப்ளெக்டரில் பட்டு, சாலையை நோக்கித் தாழ்ந்து விழுகிறது. அந்த இழை எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பது மில்லிமீட்டர் கணக்கு. அதைக் கழற்றிவிட்டு, கடையில் வாங்கிய எல்.இ.டி. பல்பை அதே கூட்டில் செருகினால் ஒளி பிறக்கும் இடம் மாறிவிடும், டிம்மும் மேலே சிதறும். ஓட்டுகிறவருக்கு ரோடு பளிச்சென்று தெரிவதால், தான் யார் கண்ணைக் குத்துகிறோம் என்பது கடைசிவரை தெரியாது.

ஆனால் கொடைரோட்டுக்காரர்களின் தலையாய கடுப்பு இதுவெல்லாம் இல்லை. மலையிலிருந்து இறங்கும்போது முன்னால் போகிற வெளியூர் வண்டியின் சிவப்பு விளக்கு அணையவே அணையாதது. பெருமாள்மலையில் மிதித்த பிரேக்கைக் காட்ரோடு வரைக்கும் எடுக்காமல் வருகிறவர்கள் இருக்கிறார்கள். "வாசம் நம்ம வண்டிக்குள்ள அடிக்கும் சார். நாமதான் நிறுத்திச் சொல்லணும். சொன்னா, எனக்கு ஓட்டத் தெரியும்பான்." இந்தக் கோபத்துக்குள் ஒரு முழு இயந்திரவியல் பாடமே இருக்கிறது.

கொடைக்கானல் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,100 மீட்டர் உயரம். மலையடிவாரத்து வத்தலகுண்டு முந்நூறு மீட்டர் சொச்சம். ஆக, வண்டி ஏறத்தாழ 1,800 மீட்டர் கீழே இறங்குகிறது. ஐந்து பேரும் பெட்டிகளுமாக 1,500 கிலோ எடையுள்ள ஒரு கார் அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கினால், ஏறும்போது பெட்ரோலைக் கொட்டிச் சேர்த்த ஆற்றல் அத்தனையையும் எங்காவது விட்டாக வேண்டும். பள்ளிக்கூடத்துச் சூத்திரத்தில் போட்டால் 26 மெகாஜூல் வருகிறது. மின்வாரியக் கணக்கில் ஏழு யூனிட்டுக்குச் சற்று மேல். இதில் டயர் உருளும் உரசலும் எதிர்க்காற்றும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தின்றுவிடும். மீதி 15 மெகாஜூல் என்று வையுங்கள். அத்தனையையும் பிரேக் தலையில் கட்டினால்? சின்ன காரின் முன்சக்கர டிஸ்க் இரண்டும் சேர்ந்து பத்துக் கிலோ இரும்பு இருந்தால் அதிகம். பத்துக் கிலோ இரும்பை உருக்கி ஊற்றவே 15 மெகாஜூல் போதும். அப்படி உருகாமல் இருப்பதற்கு ஒரே காரணம், போகிற போக்கில் காற்று அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டே இருப்பதுதான். காற்று வாங்குவதைவிட வேகமாக நாம் சூட்டை ஊட்டினால் வம்பு.

பிரேக் என்பது வேகத்தைச் சூடாக மாற்றும் கருவி, அவ்வளவுதான். மிதியை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டரில் பிரேக் ஆயில் நெருக்கப்படுகிறது. திரவம் சுருங்காது என்பதால் அந்த அழுத்தம் குழாய் வழியே சக்கரம் வரைக்கும் அப்படியே போய்ச் சேர்கிறது. அங்கே பேடு இரண்டும் டிஸ்க்கை இருபுறமும் கவ்வுகின்றன. பின்சக்கரத்தில் பெரும்பாலும் டிரம். வட்டமான இரும்புப் பானைக்குள் பிரேக் ஷூ விரிந்து உரசும். பழைய அம்பாசடரில் நாலு சக்கரத்திலும் டிரம்தான். டிரம் சூடானால் விரியும், ஷூவை விட்டு விலகும், மிதி இன்னும் ஆழமாகப் போகும். மூடிய கூடு என்பதால் சூடும் சீக்கிரம் வெளியேறாது. டிஸ்க் திறந்தவெளியில் சுழல்வதால் இந்தத் தொல்லை குறைவு. ஆனாலும் அதற்கும் ஓர் எல்லை உண்டு.

அந்த எல்லையைத் தாண்டினால் நடப்பது இரண்டு விதம். டிரைவர்கள் இரண்டையும் சேர்த்து 'பிரேக் புடிக்கல' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள்; காலுக்குத் தெரியும் சேதி வேறு வேறு. முதல் விதம் பேடில் தொடங்குகிறது. பேடுக்குள் உலோகத் தூள், நார், இன்னும் பலவற்றை ஒட்டிப் பிடித்திருப்பது ஒருவகை ரெசின். முந்நூறு, நானூறு டிகிரிக்குப் போகும்போது அது கருகி வாயுவைக் கக்கும். மலையில் அடிக்கும் அந்தக் காரமான நாற்றம் அதுதான். பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே வாயு புகுந்து உரசலே குறைந்துபோகும். மிதி கல் மாதிரி கெட்டியாக இருக்கும், எவ்வளவு அழுத்தினாலும் வண்டி மட்டும் நிற்காது. இந்த நிலைக்குப் போய் வந்த வண்டியை அலாய் வீலின் ஓட்டை வழியாகப் பார்த்தாலே சொல்லிவிடலாம். பளபளப்பாக இருக்க வேண்டிய டிஸ்க்கில் மயில்கழுத்து நீலம் படர்ந்திருக்கும்.

இரண்டாவது விதம் ஆயிலில். இது இன்னும் ஆபத்து. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணமுள்ளது. டாட் 3 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரைக்குமாவது கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4 என்றால் முறையே 230, 155. பேடின் சூடு, அதைத் தாங்கிப் பிடித்திருக்கும் காலிப்பர் வழியே ஆயிலுக்கு ஏறி, அது கொதித்து ஒரு குமிழி உண்டானால் போதும். திரவம்தான் சுருங்காது, ஆவி நன்றாகச் சுருங்கும். மிதித்த கால், சக்கரத்தை அழுத்தாமல் குமிழியை அழுத்திக்கொண்டிருக்கும். மிதி பஞ்சு மாதிரி தரைக்குப் போய்விடும். இன்ஜின் ஆயிலைக் கிலோமீட்டர் கணக்குப் பார்த்து மாற்றுகிறவர்களில் எத்தனை பேர் பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள் என்று ஒரு மெக்கானிக்கிடம் கேட்டுப் பாருங்கள். சிரிப்பார்.

அப்படியானால் இறங்குவது எப்படி? கொடைரோடு டாக்சி ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "எந்த கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்ல இறங்குங்க சார்." இது வெறும் வாய்வழக்கு இல்லை. கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. பெட்ரோல் இன்ஜினில் காற்று வரும் வழியிலுள்ள திராட்டில் கதவு அப்போது மூடிக்கொள்ளும். ஊசி போடும் சிரிஞ்சின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு பின்னுக்கு இழுத்துப் பாருங்கள், கை வலிக்கும். நாலு பிஸ்டன்களும் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றில் அந்த வேலையைத்தான் செய்கின்றன. இழுக்கும் இந்தப் பாடு சக்கரத்தைப் பிடித்து வைக்கிறது. சின்ன கியர் போடப் போட, அதே வேகத்துக்கு இன்ஜின் இன்னும் அதிகமாகச் சுற்ற வேண்டும், பிடிப்பும் கூடும். சூடு ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் போய்விடும். சூட்டை வெளியேற்றுவதற்கென்றே செய்து வைத்த ஏற்பாடுகள் அவை. வண்டி இரைவதைக் கேட்டு, இன்ஜின் போய்விடுமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. மீட்டர் முள் சிவப்புக்குப் போகாதவரை ஒன்றும் ஆகாது.

கியரில் இறங்கினாலும் கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் பிரேக் தேவைப்படும். அப்போது அழுத்தி மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, காலை முழுசாக எடுத்துவிட வேண்டும். லேசாக மிதித்தபடியே வருவதுதான் தப்பு. மிதிக்காத அந்த இடைவெளியில்தான் டிஸ்க் ஆறும். நாற்றம் வந்துவிட்டால் டம்டம் பாறை மாதிரி இடம் பார்த்து ஓரங்கட்டி அரை மணி நேரம் வேடிக்கை பார்க்கலாம். எதிரில் தலையாறு அருவி வேறு இருக்கிறது. அவசரப்பட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து டிஸ்க்கில் ஊற்றக் கூடாது. சூடான வார்ப்பிரும்பு வளையும், விரிசலும் விடும்.

டீசல் வண்டியின் கதை கொஞ்சம் வேறு. டீசல் இன்ஜினுக்கு வழக்கமாகத் திராட்டில் கதவின் தேவையில்லை. உள்ளே நெருக்கிய காற்று திரும்பப் பிஸ்டனைத் தள்ளிவிட்டுவிடும், ஆகவே இழுபிடி குறைவு. பஸ்ஸுக்கும் லாரிக்கும் இது போதாது. அதனால்தான் சைலன்சர் குழாயை ஒரு தகட்டால் அடைத்து, வெளியே போகும் காற்றை இன்ஜினுக்கே எதிராகத் திருப்பும் எக்ஸாஸ்ட் பிரேக் வந்தது. அமெரிக்காவில் இதற்கு இன்னொரு வழி பிறந்தது. டீசல் இன்ஜின் தயாரிப்பாளர் கிளெசி கம்மின்ஸ் 1931-ல் ஒரு லாரியில் கலிஃபோர்னியாவின் கஹோன் கணவாயில் இறங்கும்போது பிரேக் ஓய்ந்துபோனது. கீழே தண்டவாளத்தில் சரக்கு ரயில் ஒன்று கடந்துகொண்டிருந்தது, மயிரிழையில் தப்பினார்கள். நெருக்கிய காற்று பிஸ்டனைத் திரும்பத் தள்ளுவதற்கு முன்பே வால்வைத் திறந்து அதை வெளியே விட்டுவிடும் இன்ஜின் பிரேக்கை அவர் பின்னாளில் வடிவமைத்தார். 1961-ல் அது விற்பனைக்கு வந்தது. மலையில் பயந்த ஒருவர்தான் மலைக்கு ஏற்ற பிரேக்கைக் கண்டுபிடிக்க முடியும் போலிருக்கிறது.

கொடைரோட்டுக்காரர்கள் எல்லாவற்றிலும் சரி என்று சொல்லிவிட முடியாது. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று இன்றைக்கும் நம்புகிற பெரியவர்கள் ஸ்டாண்டில் இருக்கிறார்கள். கார்புரேட்டர் காலத்தில் அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. ஆனால் காருக்குப் பின்னால் 'எம்.பி.எஃப்.ஐ.' என்று ஒட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார்களே, அன்றைக்கே கணக்கு தலைகீழாகிவிட்டது. அப்படிப்பட்ட இன்ஜெக்ஷன் வண்டியில், கியரில் இருந்தபடி காலை எடுத்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். இன்ஜினைச் சுற்றத்தான் சக்கரம் இருக்கிறதே. நியூட்ரலில் விட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க மணிக்கு அரை லிட்டராவது எரிக்க வேண்டும். அதைவிட மோசம், சாவியை அணைத்துவிட்டு உருளவிடுவது. மிதிக்கு உதவும் பூஸ்டர் வேலை செய்வதே இன்ஜின் இழுக்கும் வெற்றிடத்தால்தான். அணைத்த பிறகு இரண்டு மூன்று மிதிக்கு அது தாங்கும், அப்புறம் நம் கால் பலம் மட்டுமே. பவர் ஸ்டியரிங்கும் கூடவே கைவிடும்.

"ஆட்டோமேட்டிக் சார், இதுல கியர் ஏது?" என்கிற கேள்விக்கும் பதில் லிவர் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. எல், 2, எஸ், இல்லாவிட்டால் எம். டி-யிலேயே விட்டு இறங்கினால் வண்டி தானாகப் பெரிய கியருக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

இந்தப் பாதைக்கு மோட்டார் வருவதற்கு முன்பும் கொடைக்கானலுக்கு ஆள் போனது கொடைரோடு வழியாகத்தான். 1875-ல் ரயில் வந்த பிறகு, கொடைரோடு நிலையம் இருக்கும் அம்மையநாயக்கனூரில் இறங்கி, மாட்டு வண்டியில் அடிவாரம் போய், அங்கிருந்து நடந்தும் குதிரையிலும் டோலியிலும் ஏறினார்கள். 1910-களில்தான் மோட்டார் சாலை தயாரானது. டோலி காலத்தில் இறக்கத்தின் பாரமெல்லாம் தூக்குகிறவர்களின் முழங்காலில்தான் இறங்கியிருக்கும்; வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்த பயணக் குறிப்புகளில் அந்த முழங்கால்களுக்கு அவ்வளவாக இடமில்லை.

ஸ்டாண்டின் இன்னொரு புகாரும் இந்த இறக்கத்தோடு சேர்ந்ததுதான்: ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவன் வழிவிடுவதில்லை. இது மரியாதை மட்டுமில்லை, சட்டம். 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகளிலேயே, இரண்டு வண்டி போக அகலம் போதாத மலைப்பாதையில் இறங்கும் வண்டிதான் நின்று வழிவிட வேண்டும் என்று இருந்தது. ஏறுகிற வண்டியை நிறுத்தினால் மறுபடி கிளப்ப கிளட்ச் தேயும், பின்னால் உருளும். கியரில் இறங்கி வருகிறவருக்கோ நின்று போவது ஒரு சிரமமே இல்லை. நிற்க முடியாதவர் யாரென்றால், பிரேக்கை ஏற்கெனவே காய்ச்சி வைத்திருப்பவர்.

இப்போது ஸ்டாண்டின் இளவட்டங்கள் பேசுவது பேட்டரி கார் பற்றி. இறக்கத்தில் அதன் மோட்டாரே ஜெனரேட்டராகி வண்டியைப் பிடித்து நிறுத்தும், கூடவே கரண்டும் ஏறும். நல்ல ஏற்பாடு. ஒரே ஒரு சிக்கல், கொடைக்கானல் லாட்ஜில் ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு 100 காட்டும் வண்டியோடு கிளம்பினால், பிடித்த கரண்டைப் போட இடமிருக்காது. மோட்டார் பிடிப்பு இருக்கிற இடம் தெரியாது, வேலையெல்லாம் பழையபடி பேடுக்கே போகும். முன்பு கணக்குப் போட்ட 15 மெகாஜூலில் முக்கால் பங்கு கைக்கு வந்தாலும் மூன்று யூனிட். முப்பது யூனிட் பேட்டரிக்கு அது பத்து சதவீதம். மேலே 85-லேயே வயரைப் பிடுங்கிவிட்டுக் கிளம்பினால் போதும்.