சலானுக்குச் சாட்சி யார்?



திருவள்ளூர் இரயில் நிலையத்தை அடுத்த மணவாள நகரில் ஒரு காலை நேரத்தில் நின்று பாருங்கள். மேல்நல்லாத்தூருக்கும், காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டைக்கும், திருப்பெரும்புதூர்ச் சாலையிலுள்ள ஆலைகளுக்கும் ஆட்கள் சாரிசாரியாகச் செல்வர். மாவட்டத்தின் மறுகோடியில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டும் இவ்வாறே விழித்தெழும். பெரிய ஆலை ஒன்று இருக்குமிடத்தில் அதற்குத் துணையாகப் பல சிறு பட்டறைகள் இருக்கும். கடைசல், துளையிடுதல், பற்றவைத்தல், வர்ணம் பூசுதல், அட்டைப் பெட்டி செய்தல் என்று ஆளுக்கொரு வேலை. அத்தகைய பட்டறையை நம்பி வாழும் குடும்பம் உங்களுடையதாகவோ உங்கள் உறவினருடையதாகவோ இருக்கலாம்.

அந்தக் குடும்பத்தின் வாழ்வாதாரம் ஒரு சிறு தாளில் அடங்கியிருக்கிறது. அதுதான் டெலிவரி சலான். பொருளை இறக்கிவிட்டு, ஆலை வாயிலில் முத்திரை பெற்று, சட்டைப்பையில் மடித்துக்கொண்டு வரும் தாள். அது மழையில் நனைந்தாலோ, வண்டி ஓட்டியவரின் சட்டையோடு துவைக்கப்பட்டாலோ, “எந்தத் தேதியில் பொருள் கொடுத்தீர்கள்?” என்ற கேள்விக்கு விடையில்லாமற் போகும். விடை இல்லாதவருக்குப் பணம் தாமதமாகும். பணம் தாமதமானால் வெள்ளிக்கிழமைக் கூலியும், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் தடைப்படும். இத்தாளைக் கணினியின் துணைகொண்டு எவ்வாறு காப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சட்டம் கேட்கும் முதற்கேள்வி

குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. குறு, சிறு தொழில் செய்வோரிடம் பொருளோ சேவையோ வாங்கியவர், எழுத்து மூலமான உடன்பாடு இருந்தால் அதில் கண்ட நாளுக்குள் பணம் தரவேண்டும். அந்நாளும் 45 நாட்களைத் தாண்டலாகாது. உடன்பாடு ஏதும் இல்லையெனில் 15 நாட்களே தவணை. பொருளில் குறை இருப்பின், இறக்கிய 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்; தெரிவிக்கவில்லையெனில், இறக்கிய நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் கருதும்.

2023ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் மற்றொரு விதியையும் சேர்த்தது. இத்தவணைக்குள் செலுத்தப்படாத தொகையை, அது செலுத்தப்படும் ஆண்டு வரும்வரை வாங்கியவர் தம் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட இயலாது.

கவனித்தீர்களா? 15 நாள், 45 நாள் ஆகிய இரண்டுமே பொருள் இறங்கிய நாளிலிருந்துதான் எண்ணப்படுகின்றன. அந்நாளை மெய்ப்பிக்க இயலாதவருக்குச் சட்டப் புத்தகம் வெறும் காகிதமே. உத்யம் பதிவு செய்துகொள்வதும் முக்கியம். 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள இப்பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஆதார் எண்ணைக் கொண்டு நாமே செய்துகொள்ளலாம்.

தாமதமான தொகைக்குக் கூட்டு வட்டி தரவேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. வட்டி நமக்கு ஆகாது. ஆகவே அப்பகுதியைப் பற்றி உங்கள் ஊர் உலமாப் பெருமக்களிடம் கேட்டுத் தெளிக. ஆயினும், நம் உழைப்பின் முதலைக் கேட்டு வாங்குவதற்கே தேதியிட்ட சான்று தேவை என்பதில் ஐயமில்லை.

திருமறை காட்டும் முறை

திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது? அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமாகிய அது, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பது பற்றியது. தவணை குறித்துக் கடன்பட்டால் எழுதிக்கொள்ள வேண்டும், எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும், கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும், அதில் எதையும் குறைக்கலாகாது, சாட்சிகள் வேண்டும், தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோம்பலாகாது, எழுதுபவருக்கும் சாட்சிக்கும் தீங்கு இழைக்கலாகாது. இவை அதன் கருத்துகள்.

இவற்றை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். சொல்பவர் யார், எழுதுபவர் யார், சாட்சி யார், தவணை எது என்ற நான்கு கேள்விகள் தெளிவாகத் தெரிகின்றன. இன்று அலுவலகங்களில் ‘எலக்ட்ரானிக் ஃபார்ம்’ என்றும் ‘வொர்க்ஃப்ளோ’ என்றும் பெரிதாகப் பேசப்படுவனவும் இந்நான்கு கேள்விகளுக்கு விடை தருபவையே. விடையை முதலில் நாம் வகுக்க வேண்டும். அதன் பின்னரே கணினியைத் தொட வேண்டும். விடையில்லாமல் கணினியில் ஏற்றினால், பழைய குழப்பம் வேகமாக நடக்கும், அவ்வளவுதான்.

இஸ்லாமிய வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ‘திவான்’ என்னும் பதிவேட்டு முறையை நிறுவி, உதவித்தொகை பெறுவோரின் பெயர்களையும் தொகைகளையும் எழுதச் செய்தார்கள். பின்னர் முஆவியா (ரலி) அவர்களின் ஆட்சியில் நிகழ்ந்த ஒன்றை வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர். ஒருவருக்கு ஒரு லட்சம் திர்ஹம் வழங்குமாறு இராக்கின் ஆளுநருக்குக் கடிதம் எழுதப்பட்டது. கடிதத்தைக் கொண்டு சென்றவர் வழியில் அதைப் பிரித்து இரண்டு லட்சமாகத் திருத்திவிட்டார். ஆளுநரின் கணக்கு வந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. அதன்பிறகு ‘முத்திரைத் திவான்’ ஏற்படுத்தப்பட்டது. கடிதத்தின் நகல் அலுவலகத்திலேயே இருக்கும். மூலம் மடித்துக் கட்டி முத்திரையிடப்பட்டுச் செல்லும். நகல் நம்மிடம், முத்திரை தாளில் என்ற அந்த ஏற்பாடே நாம் இன்று கணினியில் செய்ய வேண்டியதும் ஆகும்.

படிவத்தை அமைக்கும் விதம்

இதற்கு விலையுயர்ந்த மென்பொருள் தேவையில்லை. கூகுள் ஃபார்ம்ஸ், மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸ் ஆகியவற்றைக் கைப்பேசியிலேயே நிரப்பலாம். இணையம் இல்லாத பட்டறைக்கு எக்செல்லோ, விலையின்றிக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸோ போதும். ஒரு படிவத்தில் இருக்க வேண்டியவை இவை: சலான் எண், தேதி, வாங்குபவர் பெயர், பர்ச்சேஸ் ஆர்டர் எண், உதிரிப்பாகத்தின் எண், எண்ணிக்கை, வண்டி எண், கொண்டு சென்றவர், பெற்றுக்கொண்டவர், முத்திரையிட்ட சலானின் புகைப்படம்.

நான்கு விதிகளைக் கடைப்பிடியுங்கள்.

முதலாவது, கட்டாயமானவற்றைக் கட்டாயமாக்குங்கள். எண்ணிக்கையோ தேதியோ இல்லாத படிவத்தைக் கணினி ஏற்கக் கூடாது.

இரண்டாவது, பெயர்களைத் தட்டச்சு செய்ய விடாதீர்கள். பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் செய்யுங்கள். ஒரே நிறுவனத்தை மூவர் மூன்று விதமாக எழுதினால், ஆண்டு முடிவில் தேடும்போது மூன்றில் ஒரு பங்கு பாக்கியே கண்ணிற்படும்.

மூன்றாவது, தேதியை நாட்காட்டியிலிருந்து தேர்ந்தெடுக்கச் செய்யுங்கள். 3/4 என்று எழுதினால் அது ஏப்ரல் மூன்றா, மார்ச் நான்கா என்ற ஐயம் எழும்.

நான்காவது, எண்ணிக்கைக் கட்டத்தில் எண் மட்டுமே ஏற்கப்பட வேண்டும். எக்செல்லில் ‘டேட்டா வேலிடேஷன்’ என்னும் வசதி இதற்கெனவே உள்ளது.

கூகுள் படிவத்தை அனுப்பியவுடன், அனுப்பிய நாளும் நேரமும் தாமாகவே முதற்கட்டத்தில் பதியும். பிறகு கணக்கு எளிது. கணினிக்குத் தேதியும் ஓர் எண்ணே. ஆகவே இறக்கிய தேதியுடன் 15ஐக் கூட்டினால் குறை சொல்வதற்கான கடைசி நாளும், 45ஐக் கூட்டினால் உடன்பாட்டுத் தவணையின் மேல் எல்லையும் வந்துவிடும். ஜூன் 1இல் இறக்கினால் ஜூன் 16, ஜூலை 16 ஆகிய நாட்கள் தாமே எழுதப்படும்.

ஓடும் படிவம்

நிரப்பிய படிவம் கிடந்த இடத்திலேயே கிடந்தால் பயனில்லை. உரியவரிடம் உரிய நேரத்தில் சென்றடைய வேண்டும். இதற்கு மைக்ரோசாஃப்டின் பவர் ஆட்டோமேட்டும், கூகுளின் ஆப்ஸ் ஸ்கிரிப்டும் உதவுகின்றன. படிவம் வந்தவுடன் வாங்கிய நிறுவனத்தின் ஸ்டோர்ஸ் பிரிவுக்கு, “இன்ன தேதியில் இன்ன எண்ணிக்கை ஒப்படைக்கப்பட்டது, முத்திரையிட்ட சலானின் படம் இணைக்கப்பட்டுள்ளது” என்று மின்னஞ்சல் செல்லும்படி அமையுங்கள். பன்னிரண்டாம் நாள், “பொருளில் குறை ஏதும் உண்டா?” என்று மற்றொரு மடல், நாற்பதாம் நாள் தவணையை நினைவூட்டும் மடல். மூன்றையும் பணிவான சொற்களில் எழுதி வையுங்கள். கேட்கத் தயங்கி நாம் விட்டுவிடும் மடலைக் கணினி மறவாமல் அனுப்பும்.

இங்கேதான் சாட்சியின் இடம் வருகிறது. நாமே நிரப்பி நாமே வைத்துக்கொண்ட படிவம் நம் கூற்று மட்டுமே. வாயிலில் இட்ட முத்திரையின் படமும், வாங்கியவருக்குச் சென்ற மடலும், அவர் தந்த பதிலும் சேரும்போதே அது சாட்சியோடு கூடிய எழுத்தாகிறது. மின்னணுப் பதிவுகளுக்கு 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஏற்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, அவற்றை உரிய சான்றிதழுடன் நீதிமன்றத்தில் அளிக்கும் முறையை வகுத்துள்ளது.

பிறர் பொருளுக்கும் இம்முறை வேண்டும். ஜாப் வொர்க்குக்காக ஆலையிலிருந்து வரும் இரும்பும் வார்ப்பும் நம்முடையவை அல்ல, அமானிதம். ஜி.எஸ்.டி. சட்டப்படி மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும். தவறினால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி வரி கேட்கப்படும். வரவுக்கு ஒரு படிவமும், பதினோராம் மாதத்தில் ஒரு நினைவூட்டலும் வைத்தால் அமானிதமும் காக்கப்படும், ஆலையினருக்கு நம்மீதுள்ள நம்பிக்கையும் நிலைக்கும்.

கணினி செய்ய இயலாதவை

படிவத்தில் ‘திரும்பி வந்தவை’ என்றொரு கட்டமும் இருக்கட்டும். நூறு உருப்படிகளில் ஆறு தள்ளப்பட்டால் ஆறு என்றே எழுதுங்கள். தானியக் குவியலுக்குள் கையை விட்டு உள்ளே ஈரம் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், அந்த வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சியை நாம் அறிவோம். நமக்குச் சாதகமானதை மட்டும் பதியும் கணினிப் படிவமும் மேலே காய்ந்து உள்ளே நனைந்த குவியலே.

நிரப்புபவரும் ஒப்புதல் தருபவரும் ஒருவராக இருக்கலாகாது. கடவுச்சொல்லைச் சுவரில் ஒட்டிவைப்பதும், பலர் ஒன்றையே பயன்படுத்துவதும் கல்லாப் பெட்டியைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும். தவறான பதிவை அழிக்காதீர்கள். அதன் கீழ் திருத்தப் பதிவு எழுதுங்கள். பெற்றுக்கொண்டவரின் பெயர், கைப்பேசி எண் போன்றவற்றைத் தேவைக்கு மேல் கேட்காதீர்கள்.

மென்பொருளும் நிலையானதல்ல. மைக்ரோசாஃப்ட் 2003இல் இன்ஃபோபாத் என்ற படிவ மென்பொருளை வெளியிட்டது. 2013 பதிப்போடு அதன் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டது. அதை நம்பியிருந்த அலுவலகங்கள் படிவங்களை வேறிடத்துக்கு மாற்ற நேர்ந்தது. ஆகவே மாதந்தோறும் பதிவுகளை எளிய சி.எஸ்.வி. கோப்பாக எடுத்து, வேறொரு பென் டிரைவில் வையுங்கள். முத்திரையிட்ட மூலச் சலானையும் எறிந்துவிடாமல் கோப்பில் சேருங்கள்.

இல்லத்திலிருந்தே தொடங்கலாம்

இப்பணிக்குப் பெரும்படிப்பு தேவையில்லை. கல்லூரியில் பயிலும் மகளோ மகனோ ஒரு விடுமுறை நாளில் படிவத்தை அமைத்துவிடலாம். கணக்கை அறிந்த இல்லத்தரசி வாரம் ஒருமுறை பாக்கிப் பட்டியலைப் பார்த்து நினைவூட்டலாம். முதலில் ஒரே ஒரு நிறுவனத்தின் சலான்களை மட்டும் ஒரு மாதம் பதிந்து பாருங்கள். பழைய நோட்டுப் புத்தகத்தையும் உடன் வைத்திருங்கள். இரண்டும் ஒத்துவந்த பிறகு மற்றவற்றையும் சேருங்கள்.

பட்டறைக்காரர் விடியலில் எழுந்து வியர்வை சிந்தி உழைக்கிறார். அந்த உழைப்புக்கு உரிய தேதியை எழுதிவைக்க ஐந்து நிமிடம் போதும். சிறிது பெரிது என்று பாராமல் எழுதச் சோம்பாதவர்களாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கி, நம் ஹலாலான சம்பாத்தியத்தில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.