வேனின் வேக சென்சாரை மாற்றுவது எப்படி

வேன் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்பதை ஸ்பீடோமீட்டருக்குச் சொல்லும் வேலையை முன்பெல்லாம் ஒரு கேபிள் செய்துவந்தது. கேபிள் அறுந்தால் முள் நிற்கும், அவ்வளவுதான். வண்டி வழக்கம்போல் ஓடும். கேபிளின் இடத்துக்கு மின்னணு சென்சார் வந்தபின் நிலைமை மாறிவிட்டது. எஞ்சினையும் கியரையும் இயக்கும் கணினிகளுக்கும் இப்போது அதே தகவல் வேண்டும்.

அமெரிக்காவின் டாட்ஜ் கேரவன், பிளிமத் வாயேஜர் வேன்களை எடுத்துக்கொள்ளலாம். 1996 மாடல் முதல், நான்கு கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள வண்டிகளில் வேகத்துக்கென்று தனி சென்சார் கிடையாது. கியர்பாக்ஸின் வெளியீட்டுச் சுழற்சியை அளக்கும் சென்சாரே அதையும் பார்த்துக்கொள்கிறது. உள்ளே ஒரு காந்தம், அதைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள். எதிரே சுழலும் பற்கள் கடக்கும்போதெல்லாம் சுருளில் சிறு மின் அலை எழும். கியரை இயக்கும் கணினி அதை மைலுக்கு 8000 துடிப்புகளாக, அதாவது மீட்டருக்கு ஏறக்குறைய ஐந்தாக, மாற்றி அனுப்புகிறது.

இந்தத் துடிப்பு நின்றால் ஸ்பீடோமீட்டர் முள் விழும். கணினியும் கியர்பாக்ஸைக் காப்பாற்றுவதற்காக அதை இரண்டாம் கியரிலேயே நிறுத்திவிடும். ஓட்டுவதற்கு அதைத் தவிர ரிவர்ஸ் மட்டுமே வேலை செய்யும். இழுவையில்லாமல் முனகியபடி நகரும் வேனைப் பார்த்து, கியர்பாக்ஸே போய்விட்டது என்று முடிவு கட்டுவது எளிது. கியர்பாக்ஸைக் கழற்றச் சம்மதிக்கும் முன் ஸ்கேனரை இணைத்துப் பார்க்க வேண்டும். பி0720 என்ற குறியீடு வந்தால் முதல் சந்தேகம் இந்த சென்சார் மேலும் அதன் வயர் மேலும்தான்.

குறியீடு வந்ததாலேயே சென்சார் கெட்டது என்றாகிவிடாது. கனெக்டரில் பச்சைக் களிம்பு பூத்திருக்கலாம், வயர் உரசி அறுந்திருக்கலாம். கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டரால் சென்சாரின் இரு முனைகளுக்கிடையே மின்தடை பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். தடை எல்லையற்றதாகக் காட்டினால் உள்ளே சுருள் அறுந்திருக்கிறது.

மாற்றுவதற்கு வண்டி ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, வண்டியைத் தூக்கி, உறுதியான ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போவது உயிருக்கே ஆபத்து. கியர்பாக்ஸின் இடப்பக்கம் ஒன்றுபோல் இரண்டு சென்சார்கள் தெரியும். எஞ்சினை ஒட்டியிருப்பது உள்வரும் சுழற்சிக்கானது, சக்கரத்துக்கு அருகிலிருப்பதே வெளியீட்டுக்கானது. கழற்றும் முன் சுற்றியுள்ள அழுக்கை நன்றாகத் துடைக்க வேண்டும். ஒரு மணல் துகள் உள்ளே விழுந்தாலும் வால்வுகளுக்குக் கேடு. கழற்றும்போது கொஞ்சம் ஆயில் வழியும்.

புதிய சென்சாரின் ஓ-ரிங்கில் கியர்பாக்ஸ் ஆயில் தடவி, முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருக வேண்டும். கியர்பாக்ஸின் உடல் அலுமினியம். மரை கோணலாக ஏறினால் சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும். அதன்பின் ஸ்பேனரால் அளவாக இறுக்கி, கனெக்டரைச் சொடுக்குச் சத்தம் கேட்கும்வரை அழுத்த வேண்டும்.

இதே வேன்களின் மூன்று கியர் வகையில் தனி சென்சார் உண்டு. அதன் நுனியில் ஒரு பிளாஸ்டிக் பற்சக்கரம் இருக்கும். சென்சாரை உருவும்போது அது உள்ளேயே தங்கிவிடாமல் கவனிக்க வேண்டும். பல் தேய்ந்திருந்தால் பற்சக்கரத்தை மட்டும் மாற்றினாலே போதும்.

இறுதியாகக் குறியீட்டை அழித்து, ஆயில் அளவைச் சரிபார்த்து, வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். நான்கு கியரும் விழுந்து, முள் நடுங்காமல் ஏறினால் வேலை முடிந்தது. பழைய குறியீடே திரும்ப வந்தால், கனெக்டரிலிருந்து கணினி வரையுள்ள வயரைத்தான் அடுத்துச் சோதிக்க வேண்டும்.