கூடுதல் விலைப் பெட்ரோல் யாருக்கு?

பெட்ரோல் பங்குகளில் எக்ஸ்பி 95, ஸ்பீடு, பவர் என்ற பெயர்களில் சாதாரணப் பெட்ரோலைவிடக் கூடுதல் விலைக்கு விற்கப்படும் பெட்ரோலை ஊற்றினால் வண்டி நன்றாக இழுக்கும், மைலேஜும் கூடும் என்ற நம்பிக்கை வாகன ஓட்டிகளிடையே பரவலாக உண்டு. ஆக்டேன் எண்ணை எரிபொருளின் வலுவைக் காட்டும் அளவாகக் கருதுவதிலிருந்தே இந்த நம்பிக்கை பிறக்கிறது. அந்த எண்ணுக்கும் ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியுள்ள வெப்ப ஆற்றலுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. அழுத்தத்துக்கும் சூட்டுக்கும் உள்ளாகும் பெட்ரோல், தானாகத் தீப்பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாங்கும் என்பதை மட்டுமே அது சொல்கிறது.

எஞ்சினின் சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் கலந்து நுழைந்ததும் பிஸ்டன் மேலேறி அக்கலவையை நெருக்குகிறது. அப்போது ஸ்பார்க் பிளக் பொறியைக் கொடுக்க, அங்கிருந்து தீ சீராகப் பரவி, விரியும் வாயு பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. ஆனால் தீ வந்து சேர்வதற்கு முன்பே, மூலையில் எஞ்சியிருக்கும் கலவை நெருக்கத்தாலும் வெப்பத்தாலும் தானே வெடித்துவிட்டால், அழுத்த அலைகள் சிலிண்டர் சுவரில் மோதி, உலோகத்தைச் சுத்தியால் தட்டுவதுபோன்ற ஓசை எழும். மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்று சொல்வது இதைத்தான். தொடர்ந்து நேர்ந்தால் பிஸ்டனையே பழுதாக்கக்கூடியது இது.

இந்தத் தட்டலைத் தடுக்கும் திறனை அளக்க, 1926ஆம் ஆண்டு அமெரிக்க வேதியியலர் கிரஹாம் எட்கர் ஓர் அளவுகோலை வகுத்தார். எளிதில் தட்டும் ஹெப்டேன் என்ற திரவத்துக்கு 0 என்றும், தட்டலை நன்கு தாங்கும் ஐசோ-ஆக்டேனுக்கு 100 என்றும் மதிப்பளித்து, இரண்டின் கலவைகளோடு பெட்ரோலை ஒப்பிடுவதே அம்முறை. ஆகவே 95 ஆக்டேன் பெட்ரோல் என்றால், சோதனை எஞ்சினில் அது 95 விழுக்காடு ஐசோ-ஆக்டேன் கொண்ட கலவையைப் போல நடந்துகொள்கிறது என்று பொருள். அதில் ஐசோ-ஆக்டேன் அந்த அளவுக்கு இருக்கிறது என்பதல்ல. இதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1921இல், ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி ஈயச் சேர்மம் ஒன்றைச் சிறிதளவு கலந்தாலே தட்டல் அடங்கிவிடுவதைக் கண்டறிந்திருந்தார். மலிவான அந்த வழிக்கு உலகம் கொடுத்த விலை பெரிது. காற்றில் கலந்த ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பது தெளிவான பின்னரும் அதை முற்றாகக் கைவிடப் பல பத்தாண்டுகள் பிடித்தன. இந்தியாவில் 2000ஆம் ஆண்டிலும், கடைசி நாடான அல்ஜீரியாவில் 2021இலுமே ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை நின்றது.

உயர் ஆக்டேனுக்கும் எஞ்சின் வலுவுக்கும் உள்ள உறவு சுற்றுவழியானது. பிஸ்டன் கீழே இருக்கும்போதுள்ள சிலிண்டரின் கொள்ளளவை, மேலே இருக்கும்போதுள்ள கொள்ளளவால் வகுத்தால் கிடைப்பது அழுத்த விகிதம். இது கூடக்கூட அதே பெட்ரோலிலிருந்து எஞ்சின் அதிக வேலையைப் பிழிந்தெடுக்கும். கூடவே தட்டலும் நெருங்கிவரும். எனவே விகிதத்தை உயர்த்தியோ, டர்போ மூலம் காற்றை அழுத்தி உள்ளே செலுத்தியோ எஞ்சினை வடிவமைப்பவர்களுக்கு உயர் ஆக்டேன் பெட்ரோல் தேவைப்படுகிறது. வலு எஞ்சினின் வடிவமைப்பிலிருந்து வருகிறது. பெட்ரோல் அதற்கு இடம் கொடுக்கிறது, அவ்வளவே. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350இன் அழுத்த விகிதம் 9.5 மட்டுமே, அத்தகைய எஞ்சினுக்கு 100 ஆக்டேன் பெட்ரோலை ஊற்றுவது, மாட்டுவண்டிக்கு விமானச் சக்கரம் பூட்டுவதற்கு ஒப்பானது. விகிதம் ஒன்றைக் கொண்டே முடிவெடுப்பதும் சரியாகாது. மாருதி ஸ்விஃப்டில் இடம்பெற்ற 1.2 லிட்டர் டூயல்ஜெட் எஞ்சினின் விகிதம் 12 என்றாலும், அது சாதாரணப் பெட்ரோலுக்கென்றே சரிசெய்யப்பட்டது.

இன்றைய கார்களில் தட்டலை உணரும் சென்சார் ஒன்று எஞ்சினோடு பொருத்தப்பட்டிருக்கிறது. உயர் ஆக்டேன் கேட்கும் காரில் குறைந்த ஆக்டேன் பெட்ரோலை ஊற்றினால், கட்டுப்பாட்டுக் கணினி பொறி விழும் நேரத்தைச் சற்றுத் தள்ளிப்போட்டு எஞ்சினைக் காப்பாற்றிக்கொள்ளும். அதற்கு ஈடாக வலுவும் மைலேஜும் சிறிது குறையும். சாதாரணப் பெட்ரோலுக்கென்று வடிவமைக்கப்பட்ட வண்டியிலோ, கணினி முன்னரே வகுத்த எல்லைக்கு அப்பால் பொறியை முன்கூட்டிக் கொடுப்பதில்லை என்பதால், உயர் ஆக்டேன் பெட்ரோலின் கூடுதல் தாங்குதிறன் பயன்படாமலே எரிந்துபோகிறது.

அமெரிக்க வாகன ஓட்டிகள் அமைப்பான ஏ.ஏ.ஏ. 2016இல் நடத்திய சோதனையில், சாதாரணப் பெட்ரோல் போதும் என்று தயாரிப்பாளர் சொன்ன கார்களுக்குப் பிரீமியம் பெட்ரோலால் குறிப்பிடத்தக்க பயன் எதுவும் கிட்டவில்லை. மறு ஆண்டு, பிரீமியம் ‘பரிந்துரைக்கப்பட்ட’ கார்களைச் சோதித்தபோது மைலேஜ் சராசரியாக 2.7 விழுக்காடு மட்டுமே கூடியது. இதை உள்ளூர்க் கணக்கோடு வைத்துப் பார்க்கலாம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் கார் ஏறத்தாழ 67 லிட்டர் குடிக்கும். லிட்டருக்கு 8 ரூபாய் கூடுதல் என்று கொண்டால் மாதம் 530 ரூபாய், ஆண்டுக்கு 6,400 ரூபாய். லிட்டர் 100 ரூபாய் விற்கும் நிலையில் இச்செலவை மைலேஜிலேயே மீட்க வேண்டுமானால் அது 8 விழுக்காடு உயர வேண்டும். உயர் ஆக்டேனைக் கேட்கும் கார்களே அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் எட்டின. இந்தியன் ஆயிலின் மதுரா சுத்திகரிப்பு ஆலையில் தயாராகி 2020 டிசம்பரில் அறிமுகமான எக்ஸ்பி 100, சாதாரணப் பெட்ரோல் டெல்லியில் ஏறத்தாழ 82 ரூபாய்க்கு விற்றபோது 160 ரூபாய்க்கு வந்தது. அதை மைலேஜ் கணக்கில் நியாயப்படுத்த எந்தப் பெருக்கல் வாய்பாடும் உதவாது.

இந்தியாவில் இக்கணக்கு அண்மையில் இன்னொரு திருப்பத்தையும் கண்டிருக்கிறது. எத்தனாலின் ஆக்டேன் எண் 108.5 என்பதால், 20 விழுக்காடு எத்தனால் கலந்த சாதாரணப் பெட்ரோலின் எண் 95 அளவுக்கு உயர்ந்துவிட்டது என்று மத்தியப் பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் விளக்கியது. அப்படியானால் 95 என்ற எண்ணைப் பெயரிலேயே தாங்கிய பெட்ரோலின் ஆக்டேன் மேன்மை பெரும்பாலும் கரைந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு என்பதும் இங்கே கவனிக்கத்தக்கது. ஆக்டேன் ஏறும்போதே ஆற்றல் இறங்கும் இந்த எடுத்துக்காட்டு, இரண்டும் வெவ்வேறு பண்புகள் என்பதை எந்தப் பாடநூலையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது.

கூடுதல் விலைப் பெட்ரோலுக்குச் சாதகமாக எஞ்சியிருப்பது, இன்ஜெக்டரிலும் வால்விலும் படியும் கசடை அகற்றுவதற்காகச் சேர்க்கப்படும் துப்புரவு வேதிப்பொருள்கள். இவற்றை வெறும் விளம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவில் ஏ.ஏ.ஏ. நடத்திய மற்றொரு சோதனையில், துப்புரவுப் பொருளுக்கான உயர் தரநிலையை நிறைவு செய்யும் பெட்ரோலோடு ஒப்பிடுகையில், குறைந்தபட்ச அளவே கலந்த பெட்ரோல் 19 மடங்கு கசடைப் படியவிட்டது. ஆனால் அங்கே அந்தத் தரநிலையை ஏற்ற நிறுவனங்கள் தம் எல்லா வகைப் பெட்ரோலிலும் அதைக் கலந்தாக வேண்டும்; ஆக்டேனுக்கும் துப்புரவுக்கும் முடிச்சுப் போடப்படவில்லை. மேலும், சிலிண்டருக்குள்ளேயே நேரடியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் புதுவகை எஞ்சின்களில் உள்வாங்கு வால்வின் மீது பெட்ரோல் படுவதே இல்லையாதலால், எவ்வளவு உயர்ந்த துப்புரவுப் பொருளும் அங்குள்ள கசடைக் கழுவ இயலாது.

ஆகவே டர்போ பொருத்திய உயர்ரகக் கார், பந்தயத் தன்மையுள்ள மோட்டார் சைக்கிள் ஆகியவற்றில் தயாரிப்பாளர் கையேடு குறிப்பிட்ட ஆக்டேனைக் கட்டாயம் என்று கேட்டால் அதை ஊற்றுவதே முறை. அன்றாட அலுவலகப் பயணத்துக்கான ஸ்கூட்டருக்கும் 100 சிசி மோட்டார் சைக்கிளுக்கும் பெரும்பாலான குடும்பக் கார்களுக்கும் அது வீண்செலவு. அதைவிட, டயரில் சரியான காற்றழுத்தத்தைப் பேணினாலே மைலேஜ் காக்கப்படும்.

அமெரிக்கப் பங்குகளில் ஒவ்வொரு குழாயிலும் ஆக்டேன் எண்ணை மஞ்சள் வில்லையில் அச்சிட்டு ஒட்டுவது சட்டப்படி கட்டாயம். இங்கே பெரும்பாலான பங்குகளில் கண்ணில் படுவது பவர், ஸ்பீடு போன்ற பெயர்கள் மட்டுமே. சாதாரணப் பெட்ரோலின் குழாயிலும் அதன் எண்ணைப் பெரிய எழுத்தில் போட எண்ணெய் நிறுவனங்கள் முன்வர வேண்டும்.