உப்புக் காற்றும் ரம்பப் பல்லும்

கடலோரச் சதுரங்கப்பட்டினத்தில் நீங்கள் ஒரு புது சைக்கிள் வாங்குகிறீர்கள். அதே நாளில் செங்கல்பட்டில் உங்கள் மாமா பையனும் அதே சைக்கிளை வாங்குகிறான். அடுத்த பொங்கலுக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், எது கடலோரத்துச் சைக்கிள் என்று செயினும் போல்ட்டுமே காட்டிக்கொடுத்துவிடும்.

சைக்கிள் துருப்பிடித்தால் கீச்சுக் கீச்சென்று கத்தும், அவ்வளவுதான். மரம் அறுக்கும் மில்லில் ஓடுகிற பேண்ட் சா பிளேடு துருப்பிடித்தால் ஆபத்து. மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி இறுக்கி மாட்டிய எஃகுப் பட்டை: அதுதான் பேண்ட் சா. பட்டையின் ஒரு ஓரம் முழுக்கப் பற்கள். இரண்டு முனைகளையும் பற்றவைத்து வளையமாக்கியிருப்பார்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். பிளேடின் நீளம் 7 மீட்டர், வேகம் நொடிக்கு 28 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 4 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் மேல் சக்கரத்தில் ஒருமுறை, கீழ்ச் சக்கரத்தில் ஒருமுறை வளைந்து நிமிர வேண்டும். அதாவது நொடிக்கு 8 தடவை, மணிக்கு 28,800 தடவை! கம்பியைக் கையால் வளைத்து வளைத்து ஒடிக்கிறோமே, பிளேடுக்கு அந்தச் சோதனை நாள் முழுக்க நடக்கிறது. நல்ல எஃகு அதைத் தாங்கும். ஆனால் துரு அரித்த சின்னக் குழி ஒன்று இருந்தால், வளைகிற விசையெல்லாம் அந்த இடத்தில் குவியும். அங்கே விரிசல் விழும். ஒருநாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டை அறுந்து வீசும்.

துரு எப்படி வருகிறது? இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் வரும் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் விடுங்கள். சொட்டின் ஓரத்தில் காற்று எளிதாகக் கரையும். நடுவில் ஆக்சிஜன் குறைவு. துரு நடுவிலா வரும், ஓரத்திலா? ஆக்சிஜன் இருக்கிற ஓரத்தில்தான் இரும்பு கெடும் என்றுதானே தோன்றுகிறது? அதுதான் இல்லை. இரும்பு கரைவது நடுவில். அங்கே இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் இறங்குகின்றன. விடப்பட்ட எலக்ட்ரான்கள் தகடு வழியாக ஓரத்துக்கு ஓடி, அங்குள்ள ஆக்சிஜனிடம் சேர்கின்றன. கரைந்த இரும்பு வெளியே நகர்ந்து வந்து, நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையில் பழுப்பு வளையமாகப் படிகிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இருந்த யூலிக் எவன்ஸ் என்ற அறிஞர் ஆராய்ந்து விளக்கிய சோதனை இது. ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் ஒரு மின்கலமே ஓடுகிறது!

இந்த மின்கலத்துக்கு உப்பு என்றால் கொண்டாட்டம். உப்புத் தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும். மகாபலிபுரத்திலிருந்து கல்பாக்கம் வரை அலை உடைகிற இடமெல்லாம் நுரைக்குமிழ்கள் வெடித்து, கண்ணுக்குத் தெரியாத உப்புத் துளிகளைக் காற்றில் ஏற்றிவிடுகின்றன. கரையோரச் சவுக்குத் தோப்புகள் கொஞ்சத்தைத் தடுக்கும். மிச்சம் ஊருக்குள் வரும். டச்சுக்காரர்கள் சதுரங்கப்பட்டினத்தில் கட்டிய செங்கல் கோட்டையையும் அது விடுவதில்லை. செங்கலுக்குத் துருப் பிடிக்காது. ஆனால் உள்ளே ஊறிய உப்பு படிகமாகிப் படிகமாகி அதை உதிர்த்துவிடும்.

கடல் உப்புக்கு இன்னொரு குணமும் உண்டு. அதில் சமையல் உப்போடு மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் சுத்தமான சமையல் உப்பு நீர்த்துப்போகும். மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். சதுரங்கப்பட்டினத்துக் காற்றில் ஈரம் அவ்வளவு குறைவது அபூர்வம். எனவே உப்புப் படிந்த பிளேடு, மழையே இல்லாவிட்டாலும், எப்போதும் ஈரமாகத்தான் இருக்கிறது.

அப்படியானால் எண்ணெய் பூசிவிட்டால் போதாதா? பெரும்பாலும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் உப்பு எண்ணெயில் கரையாது, டீசலிலும் கரையாது. உப்பைத் துடைக்காமல் மேலே எண்ணெய் பூசுவது, திருடனை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டுவது மாதிரி. உப்பைக் கரைக்க நல்ல தண்ணீர்தான் வேண்டும். பிசினையும் மரத்தூளையும் டீசல் துணியால் துடைத்து, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்து, உடனே ஈரம் போகக் காயவைத்து, அதன்பின் மெல்லியதாக மெஷின் எண்ணெய் பூச வேண்டும். துருவைத் தடுக்கத் தண்ணீரா என்று சிரிக்காதீர்கள். அந்தத் துணி ஈரம் சில நிமிடத்தில் காய்ந்துவிடும், உப்பு தருகிற ஈரம் காயாது. மெஷின் எண்ணெய்க்குப் பதிலாகக் கடலை எண்ணெய் பூசக் கூடாது. அது நாள்பட்டுப் பிசுபிசுத்து, தூசியைப் பிடித்துவைக்கும்.

பிளேடில் முதலில் துருப்பிடிப்பது பற்கள். ஏன் என்று பள்ளி ஆய்வகத்திலேயே பார்க்கலாம். அகார் கூழில் பொட்டாசியம் ஃபெரிசயனைடும் பினாப்தலீனும் கொஞ்சம் உப்பும் கலந்து தரும்படி அறிவியல் ஆசிரியரைக் கேளுங்கள். அதற்குள் ஓர் ஆணியை நேராகவும், இன்னொன்றை வளைத்தும் புதைத்து மறுநாள் பாருங்கள். இரும்பு கரைகிற இடம் நீலமாகவும், ஆக்சிஜன் எலக்ட்ரானை வாங்குகிற இடம் இளஞ்சிவப்பாகவும் மாறியிருக்கும். நீலம் அதிகம் தெரிவது ஆணியின் கூர்முனையில், கொண்டையில், வளைத்த இடத்தில். அடித்தும் வளைத்தும் வதைபட்ட இரும்பு சீக்கிரம் கரைகிறது. செட் போட்டு இடமும் வலமுமாகச் சாய்த்து, சாணை பிடித்துக் கூராக்கிய ரம்பப் பல்லும் அப்படி வதைபட்ட இரும்புதான்.

பிளேடை எங்கே வைப்பது? சிமென்ட் தரையில் போட்டால் தரையின் ஈரம் ஏறும். பச்சை மரப் பெட்டிக்குள் மூடி வைப்பதும் தப்பு; மரத்திலிருந்து அசெட்டிக் அமிலம், அதாவது வினிகரில் உள்ள அதே அமிலம், ஆவியாக வெளிவந்து இரும்பை அரிக்கும். கடல் பக்கம் ஜன்னல் இல்லாத சுவரில், ஆணியிலோ மர முளையிலோ தொங்கவிடுவது நல்லது. சுருட்டி வைத்தால் சுருள்கள் ஒன்றோடொன்று தொடும் இடங்களைக் கவனிக்க வேண்டும். அந்த இடுக்கில் ஈரம் புகும், காற்று சரியாகப் புகாது. சொட்டின் நடுவில் நடந்த அதே வேலை அங்கேயும் நடக்கும்.

இதெல்லாம் மில்காரர்களின் கவலை மட்டுமல்ல. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் உலோக அரிப்பை ஆராய்ந்து வருகிறது. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் துரு அரிப்பால் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும், கடல் காற்றைத் தாங்கும் சிறப்புப் பூச்சும் இருக்கின்றன.

கடைசியாக ஒரு புதிர். 7 மீட்டர் பிளேடு வளையத்தை ஆணியில் மாட்ட அனுபவசாலிகள் ஒரு திருப்புத் திருப்புவார்கள்; அது மூன்று சிறு வளையங்களாகச் சுருண்டு உட்கார்ந்துவிடும். இரண்டாகச் சுருளாது. முறுக்கில்லாத பட்டை வளையம் ஒன்று, மூன்று, ஐந்து என ஒற்றைப்படையில் மட்டுமே முறுக்கின்றிச் சுருளும். கணிதத்தில் இதற்கு நிரூபணம் உண்டு. பிளேடில் இதைச் செய்து பார்க்காதீர்கள், திமிறிக்கொண்டு கையைக் கிழித்துவிடும். அட்டைப்பெட்டிகளில் கட்டி வருகிற பிளாஸ்டிக் பட்டையை 2 மீட்டர் வெட்டி, முறுக்காமல் டேப்பால் வளையமாக ஒட்டிக்கொள்ளுங்கள். மூன்றாகச் சுருட்டிப் பழகியதும், அதைப் பிரித்து, இந்தத் தடவை ஒரு முழுச் சுற்று முறுக்கி ஒட்டுங்கள். இப்போது அது இரண்டாகச் சுருளும். ரப்பர் பேண்டில் மட்டும் முயலாதீர்கள். ரப்பர் எந்த முறுக்குக்கும் சம்மதித்துவிடும், விடை தப்பாக வரும்.