பால் ஒத்துக்கொள்ளாதவர் நோயாளி அல்லர்

இரவு ஒரு டம்ளர் பால் குடித்த ஓரிரு மணி நேரத்தில் வயிறு உப்பி இரைகிறது. சிலருக்குப் பேதியும் ஆகிறது. உடனே மருந்துக் கடையில் ‘கேஸ் மாத்திரை’ வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். பேதி என்றால் மருத்துவர் சீட்டு இல்லாமலே ஆன்டிபயாடிக் கேட்கிறார்கள், கடைக்காரரும் கொடுத்துவிடுகிறார். இது மாதக்கணக்கில் தொடர்கிறது. பாலை மட்டும் யாரும் சந்தேகிப்பதில்லை. நோயாளிக்குப் பாலும் ரொட்டியும், வயதானவருக்குப் படுக்கும் முன் பால் என்று பழகிய வீடுகளில் ‘எனக்குப் பால் ஒத்துக்காது’ என்று சொல்பவரை வீம்புக்காரராகவே பார்க்கிறோம்.

பாலிலுள்ள சர்க்கரை லாக்டோஸ். அதைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி, பால்குடிப் பருவம் கடந்தபின் உலகில் பெரும்பாலோருக்குக் குறைந்துவிடுகிறது. செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலில் நொதித்து வாயுவாகிறது, நீரை இழுத்துப் பேதியாக்குகிறது. 1981-இல் வெளியான ஓர் ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட ஆரோக்கியமான தென்னிந்தியர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு லாக்டோஸ் ஒத்துக்கொள்ளவில்லை; டெல்லியில் அது மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. ஆகவே ‘சின்ன வயதில் குடித்தேனே’ என்பது எதையும் நிரூபிக்காது. நாட்டு மாட்டுப் பால், ஏ2 பால், ஆட்டுப்பால் என்று விலை கொடுத்து மாற்றுவதும் வீண். எல்லாவற்றிலும் லாக்டோஸ் உண்டு, காய்ச்சினாலும் போகாது. பாலை விட்டால் எலும்பு என்னாகும் என்ற கேள்வி நியாயமானது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. எள்ளும் முள்ளோடு தின்னும் நெத்திலியும் இருக்கின்றன. உறையும்போதே லாக்டோஸ் ஓரளவு குறைந்துவிடுவதால் தயிரும் மோரும் பலருக்கு ஒத்துக்கொள்ளும்.

சந்தேகம் இருந்தால் மாத்திரைக்கு முன் இதைச் செய்யுங்கள். இரண்டு வாரம் பால், பால் கலந்த காபி, டீ, பால்கோவா, ஐஸ்கிரீம், பால்பவுடர் கலந்த சத்து பானம் அனைத்தையும் நிறுத்துங்கள், முடிந்தால் தயிரையும். தினமும் வயிற்றின் நிலையை ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு ஒரு நாள் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் பால் மட்டும் குடித்துப் பாருங்கள். தொல்லை திரும்பினால் காரணம் பெரும்பாலும் அதுதான். உறுதி செய்ய, இரைப்பை குடல் மருத்துவர் ‘ஹைட்ரஜன் பிரெத் டெஸ்ட்’ எழுதித் தருவார். முந்தைய நான்கு வாரத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் முடிவு பிறழும், அதை மறைக்காமல் சொல்லுங்கள். சோதனைக்கு முதல் நாள் இரவிலிருந்து பட்டினி இருக்க வேண்டும், புகைபிடிக்கக் கூடாது. பிரச்சினை உறுதியானாலும் பாலை அடியோடு விட வேண்டியதில்லை. ஒரு டம்ளரில் இருப்பது சுமார் 10 கிராம் லாக்டோஸ். சாப்பாட்டோடு குடித்தால் பலர் அந்த அளவைத் தாங்குவார்கள். ஆனால் மலத்தில் ரத்தம், எடைக் குறைவு, ரத்தசோகை, தூக்கத்தைக் கலைக்கும் பேதி இருந்தால் பாலைக் குற்றம் சொல்லிக்கொண்டு காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவரிடம் போங்கள். வயிற்றுப்போக்குக்குப் பின் கைக்குழந்தைக்குப் பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று தாய்ப்பாலை நீங்களாக நிறுத்தவே கூடாது.

லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாமை வேறு, பால் ஒவ்வாமை வேறு. ஒவ்வாமை பாலிலுள்ள புரதத்தால் வருவது; தடிப்பு, மூச்சுத்திணறல் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். ‘லாக்டோஸ் இல்லாத பால்’ பாக்கெட்டிலும் அந்தப் புரதம் இருக்கிறது. ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அந்தப் பாலைக் கொடுக்காதீர்கள். பாக்கெட் உணவில் பால் கலந்திருந்தால் லேபிளில் அறிவித்தாக வேண்டும், அதைத் தேடிப் படிக்காமல் வாங்காதீர்கள். அறிவிக்காமல் கலந்திருப்பதாகத் தெரிந்தால் பாக்கெட்டை எறியாமல் பில், பேட்ச் எண், 14 இலக்க உரிம எண்ணோடு மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். ‘விசாரிக்கிறோம்’ என்று வாயால் சொல்லி அனுப்பினால் திரும்பாதீர்கள். முத்திரையும் தேதியும் இல்லாத புகார் எந்தக் கோப்பிலும் ஏறாது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006-இன் 40-ஆவது பிரிவின்படி, வாங்குபவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கலாம். வாங்கும்போதே கடைக்காரரிடம் அந்த நோக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். விதிமீறல் என்று அறிக்கை வந்தால் கட்டிய கட்டணத்தைத் திரும்பக் கேட்கவும் அதே பிரிவு உரிமை தருகிறது.